மாவு மாமாவின் இரண்டு தாள்கள்

முப்பத்து மூன்று வருடம் மாவு மூட்டை தூக்கியவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? எங்கள் கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் மாவு மாமாதான். நம் பேச்சு தெரியாத மேல்மாடித் தச்சர், அந்த வெள்ளைக்காரக் கிழவர்கூட, வாயைக் கோணிக்கொண்டு "மாவ் மாமா" என்றுதான் கூப்பிடுவார். ரொட்டித் தொழிற்சாலையில் லாரியிலிருந்து மூட்டையை இறக்கி, முதுகில் சுமந்து, இருபத்திரண்டு படி ஏறி, கலவை இயந்திரத்தின் வாயில் கொட்டுவது அவர் வேலை. வேலையை விட்டு எட்டு வருடம் ஆன பிறகும், வெயிலில் நின்றால் அவர் புருவத்தில் மாவு ஒட்டியிருப்பது போலவே தெரியும். அது நரை என்று நமக்குத் தெரியும். ஆனாலும் துடைத்துவிடக் கை வரும்.

மேலே ஒட்டிய மாவு குளித்தால் போய்விடும். மூச்சோடு உள்ளே போன மாவுதான் போகவில்லை.

அவர்கள் வீடு கீழ்த்தளத்தில், நான் இரண்டாவது மாடியில். எதிரே இருக்கும் சுகாதார நிலையத்தில் தரை துடைக்கும் வேலை எனக்கு. காலையில் சாமி கும்பிட்டுவிட்டு இறங்கி வரும்போது மாமா வாசலில் தபால் பெட்டிகளுக்கு முன்னால் நிற்பார். இரண்டு சக்கரப் பை ஒன்று பக்கத்தில் இருக்கும். கையில் ஏதாவது விளம்பரத் தாள். நான் முதலில் அவர் ஆர்வமாகப் படிக்கிறார் என்றே நினைத்தேன். ஒரு நாள் பார்த்தால் தாள் தலைகீழாக இருந்தது. கடைக்குப் போய் வந்த மனிதர், கதவுக்குப் பத்தடி தூரத்தில், மூச்சு திரும்பும்வரை அங்கே நின்றிருக்கிறார். யாராவது வந்தால் படிப்பது போல ஒரு பாவனை.

"என்ன மாமா, தலைகீழா படிக்கிறீங்க?"

"நேரா படிச்சா எல்லாம் பொய்யா இருக்கு மருமகளே. அதான் திருப்பிப் பாக்குறேன்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தினார்.

அத்தைக்கு, அதாவது அவர் மனைவிக்கு, இரண்டு முட்டியும் போய் நான்கு வருடம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் அவர்தான் தூக்கிப் போவார். பிள்ளை இல்லை. "மூட்டை தூக்குறதுல இருந்து ஓய்வு கொடுத்தாங்கன்னு பாத்தா, வீட்டுல ஒரு மூட்டைய வச்சிருக்காங்க" என்பார். "ஆமா, இந்த மூட்டைக்கு வாய் வேற இருக்கு" என்று அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். அந்த வீட்டில் எப்போதும் இப்படித்தான் பேச்சு.

அந்த வருடம் எங்கள் பகுதிக்கு ஒரு ஆய்வு வந்தது. வீட்டுக்கு ஒரு வயதானவரிடம் உடல்நலம் பற்றிய கேள்வித்தாளை எடுத்துப் போய்க் கேட்பது, இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்பது. இரண்டு தடவையும் பதில் ஒத்துப் போகிறதா, எல்லா இனத்தவரிடமும் ஒரே மாதிரி ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒத்துப் போனவர்களில் யாருக்கு மூச்சோ முட்டியோ ரொம்ப மோசமாக இருக்கிறதோ, அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் வரிசையில் நிற்காமல் அனுப்புவார்கள். கேட்க வந்தது ஒரு இளம்பெண். வேறு இனம், நம் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. கட்டிடத்தில் அவளுக்குக் கேள்விப் பொண்ணு என்று பெயர் விழுந்தது. நம்மவர்களிடம் கேட்க ஆள் வேண்டுமென்று நிலையத்தில் என்னை அவளோடு அனுப்பினார்கள். துடைப்பத்தை வைத்துவிட்டுப் போவதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். கேள்வியையும் பதிலையும் அப்படியே மாற்றிச் சொல்ல வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. கடவுளுக்கு முன்னால் கொடுத்த வாக்கு போலத்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. மாமாவின் மூச்சுக்கு ஒரு வழி பிறக்கப் போகிறது என்று நினைத்தேன்.

முதல் நாள் போனபோது மாமா சட்டையை மாற்றி, தலையை வாரி, நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கேள்விப் பொண்ணு தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். நான் நம் பேச்சில் சொன்னேன்.

"பொதுவா உங்க உடம்பு எப்படி இருக்கு மாமா? ரொம்ப நல்லா, நல்லா, சுமாரா, மோசமா?"

"ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கேன்."

"மாடிப்படி ஏற சிரமமா இருக்கா?"

"இல்ல."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன பாக்குற? கீழ்வீட்டுல இருக்கேன். படி ஏறுனாத்தானே சிரமம்?"

"கடைச் சாமான் பையைத் தூக்க முடியுதா?"

"சாமான் பையா?" என்று சிரித்தார். "அம்பது கிலோ மூட்டைய முதுகுல வச்சுட்டு அடுத்ததை எங்கடான்னு கேட்டவன்டி நான். என்ன கேள்வி இது, சின்னப்புள்ளைய கேக்குற மாதிரி."

"இப்ப தூக்குறீங்களா மாமா?"

"அப்படியா அந்தத் தாள்ல போட்டிருக்கு? முடியுதான்னுதானே கேட்டுச்சு? முடியும்னு சொல்லு."

"நடந்தா மூச்சு வாங்குதா?"

"வாங்குற மூச்ச அப்பப்பவே விட்டுடுறேன். சேத்து வைக்கிற பழக்கம் இல்ல."

அதைப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது என்று நான் திணறினேன். மாமா அவசரமாகக் கையை ஆட்டி, "இல்லன்னு எழுதச் சொல்லு" என்றார். அத்தை நாற்காலியிலிருந்து, "ராத்திரியெல்லாம் மூணு தலகாணி வச்சு உக்காந்துக்கிட்டே..." என்று தொடங்கினாள். மாமா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். ஐம்பது வருட வாழ்க்கையில் அவர் அத்தையை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான் இருக்கும். அத்தை வாயை மூடிக்கொண்டாள்.

நாற்பது கேள்வி. அத்தனைக்கும் இல்லை, இல்லை, நன்றாக இருக்கிறேன். நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒரு பொய்யை அப்பழுக்கில்லாமல் தூக்கிப் போய் இன்னொருவர் கையில் கொடுத்தேன்.

பெண்ணைக் கதவுவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து கேட்டேன். "ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க? அவங்க உங்களை டாக்டர்கிட்ட அனுப்பத்தானே கேக்குறாங்க?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, குனிந்து, முட்டியில் கைகளை ஊன்றி மூச்சுவிட்டார். அரை மணி நேரமாக அடக்கி வைத்தது அது. பிறகு சொன்னார். ரொட்டித் தொழிற்சாலையிலும் வருடத்துக்கு ஒரு தடவை இப்படித் தாள் வருமாம். இருமல் உண்டா, மூச்சு வாங்குமா, நெஞ்சு இறுகுமா. கலவை இயந்திரத்தில் நின்ற இவருடைய கூட்டாளி உண்மையான மனிதர். இருமல் உண்டு என்று கோடு போட்டார். அடுத்த திங்கட்கிழமை அவருக்கு வேலை போய், மேல்சட்டை மாட்டும் ஆணி காலி.

"அங்க மாடி ஆபீசுலயும் அதே தாள்தான். அவங்க வெள்ளைக்காரங்க. இருமல்னு எழுதுனா லீவு கொடுத்து டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. நமக்கு அப்படி இல்ல. அன்னையில இருந்து எங்காளுங்க அந்தத் தாளைப் படிக்கிறதே கிடையாது. எல்லாத்துக்கும் இல்ல, இல்லன்னு போட்டுட்டு மூட்டைக்குப் போயிருவோம். முப்பது வருசப் பழக்கம்டி."

"இப்பத்தான் வேலையே இல்லையே மாமா. என்னத்தப் பறிக்கப் போறாங்க?"

அவர் கண் அத்தை பக்கம் போனது. குரலைத் தாழ்த்தினார். "எனக்கு முடியலன்னு எழுதிட்டா, இவளை யாரு தூக்குறதுன்னு அடுத்த கேள்வி வரும். கொண்டுபோய் முதியோர் இல்லத்துல விட்டுடுவாங்க. நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். அதுக்கு இந்த மூச்சு இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"காது ஒண்ணும் போகல, முட்டிதான் போச்சு" என்றாள் அத்தை.

அப்படியெல்லாம் இல்லை, இது வேறு தாள், நல்லதுக்குத்தான் என்று அன்றைக்கும் அடுத்து வந்த நாட்களிலும் சொல்லிக்கொண்டே இருந்தேன். தபால் பெட்டி அருகில் சொன்னேன், துணி காயப்போடும் இடத்தில் சொன்னேன். அத்தையும் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். இரண்டாவது தடவை வருவார்கள் என்பதை மட்டும் ஏனோ நான் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. எல்லோரிடமும் இரண்டு தடவை கேட்பார்கள், அதுதான் அவர்கள் முறை என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் கும்பிட உட்கார்ந்தால் அந்த வாக்கியம்தான் முதலில் வந்து நிற்கிறது.

இரண்டு வாரம் கழித்துப் பெண் வந்து அதே முதல் கேள்வியைக் கேட்டதும் மாமாவின் முகம் மாறியது.

"இதைத்தான் போன தடவையே கேட்டாளே?"

"ஆமா மாமா. மறுபடியும் கேக்குறாங்க."

"அப்ப தப்பா?"

"தப்புன்னு இல்ல மாமா..."

அதற்குமேல் நான் பேசுவதைப் பெண் ஜாடையால் தடுத்தாள். பதில் சொல்பவருக்கு நாம் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதுவும் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது.

மாமா பெண்ணின் மடியிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். பிறகு, "மோசம்னு எழுதச் சொல்லு" என்றார்.

அங்கிருந்து எல்லாம் தலைகீழ். படி ஏற முடியாது. பை தூக்க முடியாது. மூச்சு வாங்கும். உட்கார்ந்துதான் தூக்கம். அதெல்லாம் உண்மை. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. தானாகச் சட்டை போட முடியுமா? முடியாது. அவர் போட்டிருந்த சட்டையை அவரேதான் போட்டுக்கொண்டார். கண் தெரிகிறதா? தெரியவில்லை. காது? கேட்கவில்லை. அதை நான் மெதுவான குரலில்தான் கேட்டேன், அவர் உடனே பதில் சொன்னார். முன்பு இல்லை என்றதற்கெல்லாம் ஆமாம், ஆமாம் என்றதற்கெல்லாம் இல்லை. கேள்விப் பொண்ணு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அதையும் அப்படியே மாற்றிச் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவள் போன பிறகு மாமா ஏதோ தேர்வு எழுதிவிட்டு வந்தவர் போல நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இப்ப சரியா சொன்னேனா?"

"ஏன் மாமா எல்லாத்தையும் மாத்துனீங்க?"

"பின்ன? ரெண்டாந்தடவை கேக்குறாளே." அவருக்கு என்மேல்தான் ஆச்சரியம். "எங்க சூப்பர்வைசர் லாரிப் பக்கத்துல நின்னு எத்தன மூட்டைன்னு கேப்பான். நாப்பதுன்னா எழுதிக்குவான். கண்ணப் பாத்துக்கிட்டு மறுபடி எத்தனன்னு கேட்டான்னு வை, முதல்ல சொன்னது அவனுக்குப் பிடிக்கலன்னு அர்த்தம். மாத்திச் சொல்லணும். மூணாந்தடவை கேக்க விடக் கூடாது. மூணாந்தடவை கேட்டா வேலை போச்சு."

மேல்மாடித் தச்சரிடம் நிலையத்தில் வைத்தே கேள்வி கேட்டார்கள்; இரண்டு தடவையும் நான் தரை துடைத்துக்கொண்டே காதில் வாங்கினேன். அவர் தன் வலிகளையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருப்பார். இடது முட்டி, காலை ஏழு மணி, குளிர். அதைப் பார்த்து இரண்டு தடவையும் ஒரே மாதிரி வாசித்தார். அவருக்கு யாரும் ஆணியைக் காலி செய்ததில்லை. மூன்றாவது மாடியில் இருந்த கறுப்பினத்து அம்மா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், முதல் தடவை, "இதை யாரு படிப்பாங்க? படிச்சு என்ன செய்வாங்க?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டாவது தடவை கதவையே திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தச்சருக்குக் கடிதம் வந்தது. முட்டி டாக்டர், தேதி, நேரம். மாமாவுக்கு எதுவும் வரவில்லை. இப்போது அவர் தபால் பெட்டி முன்னால் நின்றால் உண்மையிலேயே பெட்டியைத்தான் பார்த்தார். இந்தத் தடவை சரியாகச் சொல்லிவிட்டோம், கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு. முதியோர் இல்லத்துப் பயத்தைக்கூட ஒதுக்கி வைத்திருந்தார். "மூச்சு சரியானா இவளை இன்னும் பத்து வருசம் தூக்குவேன்" என்றார்.

நான் நிலையத்தில் கேள்விப் பொண்ணைப் பிடித்துக் கேட்டேன். நல்ல பெண் அவள். முகம் வாடிவிட்டது. "அவருடைய இரண்டு தாளும் ஒத்துப் போகவில்லை. நம்ப முடியாதவை என்று தனியாக வைத்துவிட்டார்கள். உங்கள் ஆட்களில் பாதிக்கு மேல் அப்படித்தான்" என்றாள்.

"ரெண்டாவது தாள்ல மூச்சு பத்தி சொன்னது உண்மை. நான் தினமும் பாக்குறேன்."

"நீங்கள் பார்த்ததை நான் எழுத முடியாது."

"அப்ப இன்னொரு தடவை கேளுங்க. நான் விளக்கிச் சொல்றேன்."

"இரண்டு தடவைதான் கேட்கலாம். மூன்றாவது தடவை கிடையாது" என்றாள்.

மாமாவின் ரொட்டித் தொழிற்சாலையில் இருந்த அதே பேச்சு.

பிறகு நிலையத்து டாக்டரிடமே மாமாவுக்கு முறை வாங்கினேன். ஐந்து வாரம் தள்ளித்தான் தேதி கிடைத்தது. அதைச் சொன்னபோது மாமா, "ரெண்டு தடவை கேட்டு ரெண்டு தடவையும் சொல்லியாச்சு. இன்னும் என்ன? அவங்களுக்கு என் பேச்சுல நம்பிக்கை இல்ல போல" என்றார். கோபம்கூட இல்லை. வெளுத்த புருவத்தைத் தேய்த்துக்கொண்டார்.

அந்தத் தேதிக்குக் காத்திருந்த பத்தொன்பதாவது நாள் காலை. நான் நிலையத்தின் வாசல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெருவுக்கு எதிரே எங்கள் கட்டிடத்தின் கதவு திறந்து கிடந்தது. இரண்டு சக்கரப் பை தெருப் பக்கம் சாய்ந்து, ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடினேன். மாமா தபால் பெட்டிகளுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். என்னைப் பார்த்ததும் கை தரையைத் துழாவியது. விளம்பரத் தாள் ஒன்றைத் தேடினார் என்று நினைக்கிறேன், படிப்பது போலக் காட்ட.

"அத்தைகிட்ட சொல்லாத" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. ஆஸ்பத்திரியில் மூன்று நாள்தான் உயிரோடு இருந்தார். மாவு வேலைக்காரர்களுக்கு வரும் நுரையீரல் கோளாறு, எப்போதோ பார்த்திருக்க வேண்டியது என்றார் அங்கிருந்த டாக்டர். "ஏன் இவர் யாரிடமும் சொல்லவே இல்லை?" என்று என்னைக் கேட்டார்.

அவர் எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்தது. தூக்க ஆளில்லாத அத்தையை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜன்னலோரம் கட்டில், சக்கரம் வைத்த மேசை, மூடி போட்ட தட்டில் மூன்று வேளை உணவு. வாரம் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். அத்தை அழவில்லை. வாய் பேசும் மூட்டை வாயை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆய்வு முடியவில்லை. இல்லத்தில் இருப்பவர்களிடமும் கேட்க வேண்டுமாம். கேள்விப் பொண்ணு வந்தாள், நானும் போனேன்.

"பொதுவா உங்க உடம்பு எப்படி இருக்கு அத்தை?"

அத்தை ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். "அவரு முதல் தடவை என்ன சொன்னாரு?"

"நல்லா இருக்கேன்னு சொன்னாரு."

"அதையே எழுது."

"பசி எடுக்குதா?"

"அவரு என்ன சொன்னாரு?"

"நல்லா எடுக்குதுன்னு."

"அதையே எழுது."

இரண்டு வாரம் கழித்துப் போனோம். அதே நாற்பது கேள்வி, அதே நாற்பது பதில். ஒரு கோடு மாறவில்லை. வெளியே நடையில் வந்ததும் பெண் தாள்களை ஒப்பிட்டுப் பார்த்து, முகம் மலர்ந்து, "உங்கள் ஆட்களில் இவருடையதுதான் முழுவதும் ஒத்துப் போயிருக்கிறது" என்றாள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள், பாவம்.

அப்போதுதான் என் வாக்கை மீறினேன். கடவுள் மன்னிப்பார். "அம்மா, அது அத்தையோட பதில் இல்ல. செத்துப்போன மனுசனோட பதில். அவங்க சரியா சாப்பிட்டே பல நாள் ஆச்சு. தட்டு மூடியைத் தொறந்து பாருங்க" என்றேன்.

அவள் பையைத் தாள்களோடு கதவோரம் வைத்துவிட்டு உள்ளே போனாள். மூடியைத் திறந்தாள். மத்தியானச் சோறு வைத்தது வைத்தபடி ஆறிக் கிடந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எங்களோடு சுற்றியதில் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தையை, நாக்குத் தடுமாற, அத்தையைப் பார்த்துக் கேட்டாள்.

"சாப்டீங்களா?"

அத்தை ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னடி, மூணாந்தடவை கேக்குறா?"

"ஆமா அத்தை."

"மூணாந்தடவை கேட்டா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு அவரு சொல்வாரு." அவள் ஆறிக் கிடந்த தட்டைப் பார்த்தாள். "என்கிட்ட தூக்குறதுக்கு இன்னும் என்னடி இருக்கு? சாப்பிடலன்னு சொல்லு. அவரு போனதுல இருந்து ஒரு வாய் இறங்கலன்னு சொல்லு. நல்லா இல்லன்னு சொல்லு."

பெண்ணின் கையில் எழுதத் தாள் இல்லை. பை கதவோரம் கிடந்தது. ஆனாலும் நான் எல்லாவற்றையும் அவளுக்கு மாற்றிச் சொன்னேன், கூட்டாமல், குறைக்காமல்.